ரத்தம் கக்காத நோய்

தமிழ் சினிமாவில் புற்றுநோய் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கதாநாயகன் இருமுவான். வெள்ளைக் கைக்குட்டையால் வாயைப் பொத்துவான். எடுத்துப் பார்த்தால் சிவப்பு. வயலின் அழும். அடுத்த ரீலில் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். முடிந்தது.

மஞ்சளாக ஒரு புற்றுநோய் இருக்கிறது. அதில் இருமல் இல்லை, கைக்குட்டை இல்லை, பல சமயம் வலிகூடக் கிடையாது. அரிக்கும். ராத்திரி பகலாக உடம்பு பூரா அரிக்கும். எந்த டைரக்டரும் இதைத் தொடமாட்டார். சொறிந்துகொண்டே இருக்கும் கதாநாயகனுக்கு யார் டூயட் எழுதுவார்கள்?

சில மாதங்களுக்கு முன்னால் பிளவக்கல்லிலிருந்து ஒரு போன். தெரியாதவர்களுக்கு: ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு போய், மலையைப் பார்த்தபடி மேற்கே போனால் வரும். பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். (இந்தப் பெரியாறு வேறு, முல்லைப் பெரியாறு வேறு. ஊருக்கு வரும் விருந்தாளிகள் எல்லோரும் குழம்புவார்கள்.) அணைக்குக் கீழே தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு நண்பன். என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

‘‘அப்பாவுக்குக் கண்ணு மஞ்சளா இருக்குண்ணே. காமாலைங்கறாங்க.’’

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘‘கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடுடா. பத்தியமா இரு. சரியாப் போயிரும்.’’ வாராவாரம் உங்களுக்குப் புத்தி சொல்லும் ஆசாமி சொன்ன யோசனை இது. இதை நான் மறைத்துவிட்டு மேலே எழுதுவது நியாயமில்லை.

கீழாநெல்லி மேல் எனக்குக் கோபம் இல்லை. 1988-ல் சென்னையில் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் அதை ஹெபடைடிஸ்-பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, லண்டன் ‘லான்செட்’ பத்திரிகையிலேயே கட்டுரை வந்தது. பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. விஷயம் என்னவென்றால், கெட்ட தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். அப்போது கையில் எந்த இலை இருக்கிறதோ, அந்த இலைக்குப் பெயர் கிடைத்துவிடும். பிளவக்கல்லில் இலைக்கா பஞ்சம்? பக்கத்திலேயே சதுரகிரி. சித்தர் மலை. தாணிப்பாறை வழியாக மேலே போய் வருபவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு மூலிகையின் பெயரைச் சொல்லுவார்கள். அப்பாவும் ஒன்று மாற்றி ஒன்று சாப்பிட்டார். ஆறு வாரம். மஞ்சள் குறையவில்லை, கூடியது. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போனது. பிறகு அரிப்பு.

கல்லீரலில் சுரக்கும் பித்தம் குடலுக்கு ஒரு மெல்லிய குழாய் வழியாக இறங்குகிறது. பென்சிலைவிட மெல்லிசு. அது அடைத்துக்கொண்டால் பித்தம் திரும்பி ரத்தத்தில் ஏறும். அதுதான் மஞ்சள். குடலுக்குப் பித்தம் போகாததால் வெளுப்பு. கல் அடைக்கலாம். கட்டியும் அடைக்கலாம். அடைத்த குழாயை எந்த இலையும் திறக்காது. இதை அந்த முதல் போனிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்கேன். அங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தள்ளி மதுரையில் எம்.ஆர்.ஐ. கல்லீரலின் வாசலில், இடது குழாயும் வலது குழாயும் சேரும் முக்கில், சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று. 1965-ல் கிளாட்ஸ்கின் என்ற அமெரிக்க டாக்டர் இந்த முக்கில் வரும் கட்டியைப் பற்றி விரிவாக எழுதியதால் இன்றைக்கும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

‘‘எங்கண்ணே காட்டலாம்?’’ இது இரண்டாவது போன். இந்தத் தடவை நான் எந்த இலையையும் சொல்லவில்லை. பஸ் ஏறினேன்.

நான் போன அன்று சாயங்காலம் அவன் வீட்டு டி.வி.யில், பழைய படங்களுக்கான சேனலில், ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. தற்செயல்தான். அப்பா (நான் சித்தப்பா என்பேன்) சீப்பால் முதுகைச் சொறிந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். டூரிங் டாக்கீஸில் மணல் குவித்துப் பார்த்த படமாம்.

ஸ்ரீதரின் 1962-ம் வருஷப் படம். பெரும்பாலும் ஒரே ஆஸ்பத்திரி செட். டாக்டர் கல்யாண்குமார். அவர் ஒரு காலத்தில் காதலித்த தேவிகா, இப்போது புற்றுநோய் வந்த தன் கணவன் முத்துராமனோடு அதே ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். வின்சென்ட்டின் கேமரா கட்டிலுக்கு அடியிலும் ஜன்னல் கம்பிக்கு வெளியிலும் புகுந்து புறப்படும். இன்றைக்குப் பார்த்தாலும் படம் நிற்கிறது. அதில் சந்தேகமே வேண்டாம். அடுத்த வருஷமே ஸ்ரீதர் இதை இந்தியில் ‘தில் ஏக் மந்திர்’ என்று எடுத்தார்.

ஆனால், எத்தனையாவதோ தடவையாக அதைப் பார்த்தபோது, பக்கத்தில் சீப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால், வேறொன்று கண்ணில் பட்டது. இந்தப் படத்தில் புற்றுநோய் என்பது ஒரு வியாதி அல்ல, ஒரு வாய்ப்பு. மூன்று நல்லவர்களை ஒரு கூரையின் கீழ் பூட்டிவைப்பதற்கு ஸ்ரீதருக்குக் கிடைத்த சாவி. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டாக்டர், ஒரே ஆபரேஷன். பிழைப்பானா மாட்டானா என்று ஒரே ஒரு கேள்வி. நிஜத்தில் இந்த நோய் கொண்டுவருவது முப்பது கேள்வி. வெட்டலாமா, வேண்டாமா? வெட்டினால் எவ்வளவு கல்லீரலை? அடைப்பை முதலில் திறக்கலாமா? எந்த ஊரில்? யார் பணத்தில்? சினிமாவில் கடைசியில் டாக்டர் கணவனைப் பிழைக்க வைத்துவிட்டுத் தானே செத்துப்போகிறார். நிஜ டாக்டருக்கு நம்மோடு செலவழிக்க நேரம் கிடைப்பதே கஷ்டம், அவர் எங்கே சாக?

இருபது வருஷம் கழித்து, 1982-ல், ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ என்று இரண்டு படங்கள் வந்தன. இரண்டிலும் நாயகனுக்குப் புற்றுநோய். இரண்டிலும் அவன் அதைக் காதலியிடம் சொல்லாமல், அவள் தன்னை வெறுக்கும்படி நடந்துகொள்வான். தியேட்டரில் கண்ணீர் ஆறாக ஓடியது, நானும் ஓடவிட்டேன். இப்போது யோசித்தால், மறைப்பதுதான் பாசம் என்று இந்தப் படங்கள் நமக்கு அழகாகச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. நாம் நன்றாகக் கற்றுக்கொண்டோம். ஒரே வித்தியாசம், சினிமாவில் நோயாளி குடும்பத்திடம் மறைக்கிறான். வீட்டில் குடும்பம் நோயாளியிடம் மறைக்கிறது.

மதுரையில் நடந்ததை நண்பன் சொன்னான். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் வாக்கியம்: ‘‘கூட வந்தது யாரு?’’ அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இவனிடம் சொல்லியிருக்கிறார். இந்த வசனத்தை நிஜ டாக்டர் சினிமா டாக்டரிடம் கற்றாரா, அல்லது தலைகீழா என்று எனக்குத் தெரியாது. ஆனால், அந்த பெஞ்ச் நம் ஊரில் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. உங்கள் அப்பாவோ அம்மாவோ அதில் உட்கார்ந்திருக்கலாம்.

‘‘அவர்ட்ட சொன்னியா?’’

‘‘கல்லு அடைச்சிருக்குன்னு சொல்லியிருக்கண்ணே.’’

இதே கல்லை நான் ஒரு ஜப்பான் படத்தில் பார்த்திருக்கிறேன். அகிரா குரோசவாவின் ‘இகிரு’, 1952. முப்பது வருஷமாக முத்திரை குத்திக்கொண்டிருக்கும் முனிசிபல் அதிகாரி வாதனாபேக்கு வயிற்றில் புற்று. அந்தக் காலத்து ஜப்பானில் அதை நோயாளியிடம் சொல்லும் பழக்கம் கிடையாது. டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்த ஒரு வாயாடி, ‘உமக்குப் புற்றுநோயாக இருந்தால் டாக்டர் இன்னின்ன பொய் சொல்லுவார்’ என்று வரிசையாக ஒப்பிக்கிறான். சாதாரணப் புண், ஆபரேஷன் வேண்டாம், பிடித்ததைச் சாப்பிடும். வாதனாபே உள்ளே போகிறார். டாக்டர் அதே பொய்களைச் சொல்கிறார். உலக சினிமாவில் இதைவிட பயங்கரமான நகைச்சுவைக் காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

எல்லோரும் அந்தப் படத்தை, சாகப்போகிறவர் குழந்தைகளுக்கு ஒரு பூங்கா கட்டிய கதை என்றே புகழ்கிறார்கள். நான் இந்தத் தடவை மகனைக் கவனித்தேன். மகனிடம் சொல்லத்தான் அவர் வீட்டுக்கு வருகிறார். இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது, மகனும் மருமகளும் அவர் பணத்தில் வீடு கட்டுவது பற்றிப் பேசுவது காதில் விழுகிறது. சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. அப்பா போன பிறகு, தெரிந்திருந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மகன் குமைகிறான். குரோசவா அவனை வில்லனாக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருந்தார்கள், நடுவில் ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான்.

பிளவக்கல் வீட்டில் மாடிப்படிகூடக் கிடையாது. ஒரே திண்ணை.

நண்பன் ஒரு மாதமாக அலைந்திருந்தான். தப்பு சொல்லவே முடியாது. ஒரு இடத்தில் ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். இன்னொரு இடத்தில் கட்டி ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, முடியாது என்றார்கள். இந்த முக்கில் வரும் கட்டியை எடுப்பதென்றால் குழாயோடு கல்லீரலில் ஒரு பெரிய பங்கையும் எடுக்க வேண்டும். தினசரி நடக்கும் ஆபரேஷன் இல்லை. நிறையச் செய்து பழகிய இடத்தில்தான் இதைக் கேட்க வேண்டும். அதற்கு மெட்ரோ நகரத்து ஐந்து நட்சத்திர ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்பதில்லை. மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையிலும் சென்னை ஸ்டான்லியிலும் இதற்கென்றே தனி அறுவை சிகிச்சைத் துறைகள் இருக்கின்றன. முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு இன்ஸ்டிடியூட் இருக்கிறது. வேலூர் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. ரிப்போர்ட், படங்கள் அடங்கிய சி.டி., எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதை எந்த நல்ல டாக்டரும் தப்பாக நினைக்கமாட்டார்.

சென்னையிலும் கேட்டான். வெட்ட முடியாது என்பதுதான் முடிவு. அந்த ஆறு வாரம் இல்லாவிட்டால்? கேட்டேன். அந்த டாக்டர் நல்லவர், ‘‘அப்படி உறுதியாச் சொல்ல முடியாது. நிறையப் பேருக்கு முதல்ல பார்க்கறப்பவே இந்த நிலைமைதான்’’ என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டு தூங்க முயற்சி செய்கிறேன்.

‘‘பீடிகூடக் குடிச்சதில்லையேண்ணே’’ என்றான். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தெரிவதில்லை. வடகிழக்குத் தாய்லாந்தில் பச்சையாகத் தின்னும் ஆற்று மீனில் ஒரு தட்டைப் புழு இருக்கிறது. பித்தக்குழாயில் குடியேறி வருஷக்கணக்கில் அரித்து இந்தப் புற்றைக் கொண்டுவருகிறது. ஜப்பானில் ஒசாகாவில் ஒரு அச்சகத்தில் இளவயதுத் தொழிலாளிகளுக்கு வரிசையாக இதே நோய். இங்க் துடைக்கும் திரவத்தில் இருந்த டைகுளோரோபுரோப்பேன்தான் காரணம் என்பது 2012 வாக்கில் வெளியே வந்தது. 2014-ல் அதைப் புற்று தரும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தார்கள். பிளவக்கல்லுக்கு இரண்டும் சம்பந்தமில்லை. சிவகாசி பக்கத்தில் இருப்பதால் சொல்லிவைத்தேன். மெஷின் துடைக்கும் டப்பாவில் என்ன இருக்கிறது என்று அச்சக முதலாளிகள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

மிச்சம் இருந்த வழிகள் இவை. அடைப்புக்குள் ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாயை வாய் வழியாக விட்டுத் திறப்பது. பிளாஸ்டிக் என்றால் சுமார் மூன்று மாதத்தில் அடைக்கும், மாற்ற வேண்டும். உலோகம் இன்னும் கொஞ்சம் தாங்கும். அல்லது விலாப்புறம் துளைத்துக் கல்லீரலிலிருந்தே குழாய் போட்டு, வெளியே ஒரு பை. எதுவானாலும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பிறகு கீமோ. 2010-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில் ஒரு மருந்து மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 8.1 மாதம் தாண்டினார்கள். இரண்டு மருந்து சேர்த்து எடுத்தவர்களில் பாதிப் பேர் 11.7 மாதம். 2022-ல் அதோடு ஒரு இம்யூன் மருந்தையும் சேர்த்ததில், இரண்டு வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்து என்பது இருபத்தைந்து ஆயிற்று. விலையைக் கேட்டால் தென்னந்தோப்பு குறுக்கே வந்து நிற்கும். சிலருடைய கட்டியில் சில மரபணு மாற்றங்கள் இருந்தால் அதற்கென்று மாத்திரைகளும் வந்திருக்கின்றன. கட்டித் துண்டைச் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். அப்பா பெயர் முதல் பக்கத்தில். அப்பாவின் விருப்பம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பையிலிருந்த புத்தகத்தை அப்போதுதான் எடுத்தேன். அதுல் கவாண்டேயின் ‘பீயிங் மார்ட்டல்’, 2014. கவாண்டே அமெரிக்காவில் சர்ஜன். அவர் அப்பா ஆத்மாராம் மகாராஷ்டிரத்துக் கிராமத்தில் பிறந்து ஒஹையோவில் டாக்டராக இருந்தவர். அவருக்குக் கழுத்துத் தண்டுவடத்துக்குள் கட்டி. இரண்டு சர்ஜன்களைப் பார்க்கிறார்கள். அப்பா கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். ஒருவருக்கு எரிச்சல் வருகிறது. இன்னொருவர் அந்தக் கேள்விகளுக்கு அடியில் இருக்கும் பயத்தைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகப் பதில் சொல்கிறார். அப்பா அவரைத் தேர்ந்தெடுக்கிறார். உடனே வெட்ட வேண்டாம், பார்ப்போம் என்று சில வருஷங்கள் ஓட்டுகிறார்.

இன்னொரு கதையும் அதில் உண்டு. சூசன் பிளாக் என்ற பெண் டாக்டரின் 74 வயது அப்பாவுக்குக் கழுத்தில் கட்டி. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி மகள் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போய்க் கேட்கிறாள், எவ்வளவு இருந்தால் வாழச் சம்மதம் என்று. சாக்லேட் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு டி.வி.யில் ஃபுட்பால் பார்க்க முடிந்தால் போதும் என்கிறார் அந்தப் பேராசிரியர். மகளுக்கு ஆச்சரியம், அவர் ஃபுட்பால் பார்த்தே அவள் பார்த்ததில்லை. ஆபரேஷனுக்குப் பின் ரத்தக்கசிவு. அவசரமாக முடிவெடுக்க வேண்டும். அவள் சர்ஜனிடம் ஐஸ்கிரீமையும் ஃபுட்பாலையும் மட்டும் கேட்டு முடிவெடுக்கிறாள். அவர் அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தார்.

புத்தகத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. அந்த மேஜையைச் சுற்றி எல்லோரும் டாக்டர்கள். கவாண்டே, அவர் அப்பா, அம்மா மூவரும். பிளாக் வீட்டிலும் மகள் டாக்டர். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் கிடைக்கும், போன் செய்தால் சர்ஜன் எடுப்பார். ஓ.பி. வரிசையில் டோக்கனோடு நிற்கும் நம் ஆளின் கதை இதில் இல்லை. முப்பது கேள்விக்கும் பின்னால் நிற்கும் பணம் என்ற கேள்வியையும் புத்தகம் பூப்போலத்தான் தொடுகிறது. பல வருஷம் முன்பு முதல் தடவை படித்தபோது, ‘பணக்கார நாட்டுப் பிரச்னை’ என்று மூடி வைத்தேன்.

திண்ணையில் அப்படி மூட முடியவில்லை. மற்றதற்கெல்லாம் காசு வேண்டும். அந்த மகள் கேட்ட கேள்விக்குக் காசு வேண்டாமே. ஸ்ரீதர் கேட்கவில்லை, குரோசவா அதைக் கேட்காததன் வலியைக் காட்டினார், இந்த மனுஷர் கேட்டே காட்டியிருக்கிறார்.

‘‘நீயே கேளுண்ணே. எனக்கு வாய் வராது’’ என்றான் நண்பன். நான் கேட்கவில்லை, அவனையே கேட்கச் சொன்னேன். கேட்டான். கல் இல்லப்பா, கட்டி என்று ஆரம்பித்தான்.

சித்தப்பா சீப்பை வைத்துவிட்டு, ‘‘தெரியும்’’ என்றார். ‘‘கல்லுக்கு எதுக்குடா மெட்ராஸ் வரைக்கும்?’’

அவருடைய சாக்லேட் ஐஸ்கிரீம் என்ன தெரியுமா? அரிப்பு நிற்க வேண்டும், ஒரு ராத்திரி முழுசாகத் தூங்க வேண்டும். அணை திறக்கும்போது வாய்க்காலில் தண்ணீர் வருவதைத் தானே நடந்து போய்ப் பார்க்க வேண்டும். விலாவில் பை தொங்கக் கூடாது, தோப்பை விற்கக் கூடாது. ‘‘அந்த மருந்து ரெண்டும் குடுக்கட்டும். வெல கூடுனது வேண்டாம். தாங்கலேன்னா நிறுத்தச் சொல்லுவேன், நீ அழக் கூடாது.’’ ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நோட்டில் ஒரு மாதமாகத் தீராதது.

நண்பனின் மச்சினன் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன், ‘‘நாங்க நெய்றது எதுவும் இதுக்கு ஆகாது போல’’ என்றான்.

ஸ்டென்ட் வைத்தார்கள், உலோகம், காப்பீட்டில். நாலாம் நாள் நண்பன் போனில் வேறொன்றும் சொல்லவில்லை, ‘‘நேத்து ராத்திரி சீப்புச் சத்தம் இல்லண்ணே’’ என்றான். வலி வந்தால் என்ன செய்வது என்றும் விசாரித்து வைத்திருக்கிறான். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணச் சிகிச்சை பார்க்கிறார்கள்; வத்திராயிருப்பில் பெயர் கொடுத்தாயிற்று.

போன வாரம் முதல் கீமோ. இந்தத் தடவை ஃபைல் சித்தப்பா மடியில். டாக்டர் வழக்கம்போல, ‘‘கூட வந்தது யாரு?’’ என்றிருக்கிறார். ‘‘அவன் வெளிய இருக்கட்டும். எனக்குத்தான வியாதி, என்ட்ட சொல்லுங்க’’ என்றாராம் சித்தப்பா. டாக்டர் சொல்லியிருக்கிறார், பாதி மணி நேரம். கடைசியில் எழுந்திருக்கும்போது சித்தப்பா கேட்டாராம்: ‘‘நெஞ்சில் ஓர் ஆலயம் பாத்திருக்கீகளா சார்? அதுல டாக்டரு செத்துப்போவாரு. அம்புட்டெல்லாம் வேண்டாம். அடுத்த தடவ வாரப்பயும் இதே மாதிரி உக்காந்து பேசுங்க, போதும்.’’